வெயிலில் ஏறும், மழையில் இறங்கும் எஸ்.டபிள்யூ.ஆர்.: செம்பூர் நிலையம் ஒன்றின் ஃபீட்லைன் கோளாறு

மும்பை செம்பூரில் ஏழு மாடிக் குடியிருப்பு. அதில் ஒரு ஹாம் (அமெச்சூர் வானொலி) நிலையம் நான்காம் மாடியில் இருக்கிறது. மொட்டை மாடியில் 6 மீட்டர் ஜிஐ பைப், அதன் உச்சியில் 1:1 கரன்ட் பாலன் (கேபிளையும் ஆன்டெனாவையும் பொருத்தும் உறுப்பு), அங்கிருந்து இரு பக்கமும் சரிந்து இறங்கும், 40 மீட்டர் பேண்டுக்கான இன்வெர்ட்டட்-வி டைபோல் ஆன்டெனா. ரிக் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி) 100 வாட் எச்எஃப், அதாவது சிற்றலை. ரிக்கையும் ஆன்டெனாவையும் இணைக்கும் ஃபீட்லைன் ஆர்ஜி-213 கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பி, சுற்றிலும் பாலிஎத்திலீன், அதன் மேல் செம்புப் பின்னல், வெளியே பிவிசி ஜாக்கெட்), மொத்தம் 32 மீட்டர். அறைக்குள் 5 மீட்டர், ஜன்னலிலிருந்து வெளிச்சுவரோடு மேலே 12 மீட்டர், கைப்பிடிச் சுவரைத் தாண்ட 1 மீட்டர் என்று 18 மீட்டர் ஒரு துண்டு. கைப்பிடிச் சுவரின் மேல் இரு துண்டுகளையும் சேர்க்கும் ஒரு பேரல் இணைப்பு. அதற்கு அப்பால் தரையோடு 8 மீட்டரும் பைப்போடு 6 மீட்டருமாக 14 மீட்டர் இன்னொரு துண்டு. அறைக்குள் கேபிள் முடியும் இடத்தில் கேஸ் டியூப் மின்னல் தடுப்பான், அதிலிருந்து ரிக்குக்கு ஒன்றரை மீட்டர் ஆர்ஜி-58 பேட்ச் கார்டு.

புகார் இதுதான். காலையில் 7.100 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.4 என்று அசையாமல் நிற்கும். பிற்பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே 3-க்கும் 6-க்கும் துள்ளும், ரிக் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். இரவில் சரியாகிவிடும். மழை பெய்தால் வழக்கத்தைவிடவும் நல்ல அளவு காட்டும்.

இதற்குள் டைபோலின் நீளத்தை ஒருமுறை வெட்டித் திருத்தியிருந்தார்கள், பாலனையும் மாற்றியிருந்தார்கள். இரண்டு முறையும் வேலை முடிந்த மாலையில் சரியாக இருந்தது, மறுநாள் பிற்பகல் பழைய கதை. விட்டு விட்டு வரும் கோளாறில் எதை மாற்றினாலும் கொஞ்ச நேரத்துக்குக் குணமானது போலத்தான் தெரியும், ஏனென்றால் அது எப்படியும் போய்ப் போய் வருவது. நினைத்தபோது வரவழைக்கத் தெரியாத கோளாறைச் சரிசெய்துவிட்டதாக யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. இந்த ஆய்வின் பெரும்பகுதி அந்த வரவழைக்கும் வேலைதான்.

கருவியைத் தொடுவதற்கு முன்

முதலில், பொருத்தத்தைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் ரிக்கின் ஆட்டோ ட்யூனரை அணைக்க வேண்டும். அது இயங்கும்வரை கோளாறை மூடி மறைத்துக்கொண்டே இருக்கும். மீட்டரில் தெரிவது ஃபீட்லைனின் நிலையாக இருக்காது. அடுத்து, எஸ்எஸ்பி என்ற குரல் முறையில் பேசிக்கொண்டு அளக்கக் கூடாது. குரலோடு முள்ளும் ஆடும்போது எது குரல், எது கோளாறு என்று பிரிக்கவே முடியாது. சிடபிள்யூ-வில் (மோர்ஸ் முறை) கீயை அழுத்தி 10 வாட் கேரியர், அதாவது ஏற்ற இறக்கமில்லாத அலை, வைத்து அளப்பதுதான் முறை.

பிறகு குறிப்பேடு. நேரம், வெயிலா மழையா, காற்று, பவர், 7.000, 7.100, 7.200 மூன்றிலும் எஸ்.டபிள்யூ.ஆர்., கூடவே ரிசீவரில் ஒரு நிலையான சிக்னலும் பின்னணி இரைச்சலும் எவ்வளவு. கடைசி இரண்டை எழுதுபவர்கள் குறைவு. இந்த நிலையத்தில் பாதி விடையைக் கொடுத்தது அவைதான்.

கோளாறு வரும் நேரத்தில் சிக்னல் ரிசீவர் மீட்டரில் இரண்டு மூன்று எஸ்-யூனிட் விழுந்தது, இரைச்சல் ஏறியது. நடுக்கம்பி விட்டுப்போயிருந்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து விழும். பின்னல் விட்டுப்போனால் கேபிளின் வெளிப்புறமே ஆன்டெனா போல நடந்துகொள்ளும். லிஃப்ட், எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர் என்று கட்டடத்தில் உள்ள இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். சிக்னல் தாழ, இரைச்சல் உயர என்றால் சந்தேகம் முதலில் பின்னலின் மேல் விழ வேண்டும்.

இன்னொரு தடயமும் குறிப்பேட்டில் இருந்தது. சில நேரம் ரிசீவர் மந்தமாகக் கிடக்கும்; ஒருமுறை கீயை அழுத்தி விட்டால் உயிர் வந்துவிடும். ஆக்ஸைடு படிந்த தொடுமுனையின் குணம் இது. ஆன்டெனாவிலிருந்து வரும் மைக்ரோவோல்ட்டுக்கு அந்தப் படலத்தை உடைக்கும் தெம்பு கிடையாது. 50 ஓமில் 100 வாட் என்றால் 70 வோல்ட், 1.4 ஆம்பியர், அது உடைத்துவிடும். ஆனால் அதே 1.4 ஆம்பியர் ஒரு ஓம் தொடுதடையில் 2 வாட் சூட்டையும் உண்டாக்கும், அதுவும் குண்டூசித் தலை அளவு இடத்தில். 10 வாட்டில் அமைதியாக இருக்கும் இணைப்பு 100 வாட்டில் சில விநாடி கழித்துத் துள்ளுவதற்குக் காரணம் இதுதான்.

பாதி பாதியாக

சந்தேகத்துக்குரிய எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் கோளாறு போகலாம், ஆனால் எதனால் போனது என்று தெரியாது. அதனால் 100 வாட் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் மின்தடை) ஒன்றை ரிக்கின் அருகிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக மேலே நகர்த்திக்கொண்டு போனார்கள். பேட்ச் கார்டின் முனையில் 1.0. மின்னல் தடுப்பானைக் கடந்தும் 1.0, கேபிளை அசைத்தாலும் மாற்றமில்லை. அதுவரை இருப்பவை சுத்தம். அடுத்து பாலனைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில், பைப்பின் உச்சியில், டம்மி லோடு. காலையில் 1.1. பிற்பகல் இரண்டரை மணிக்கு 1.1-க்கும் 4-க்கும் இடையில் ஆடியது.

இந்த ஒரு சோதனையோடு டைபோலும் பாலனும் விடுதலை ஆயின. முதல் நாளே செய்திருந்தால் ஆன்டெனாக் கம்பியை வெட்டியிருக்க வேண்டியதில்லை. டம்மி லோடை உச்சிக்குக் கொண்டுபோவது சிரமம் என்பதால் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். 50 ஓம் 5 வாட் சிறிய டெர்மினேஷன் ஒன்று போதும். ரிக்குக்குப் பதில் ஆன்டெனா அனலைசரை வைத்து அளக்கலாம். ஆனால் பவர் ஏறினால் மட்டும் வரும் கோளாறு அனலைசரின் மில்லிவாட்டுக்கு அகப்படாமல் போகக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

18 மீட்டரில் ஒரு மேடு

கேபிளின் தொலைமுனையைத் திறந்து விட்டு, கீழ்முனையில் நானோவிஎன்ஏ என்ற சிறிய அனலைசரை வைத்து டிடிஆர் (அலை எந்தத் தூரத்தில் பிரதிபலிக்கிறது என்று காட்டும் வரைபடம்) பார்க்க வேண்டியது அடுத்த கட்டம். இணைக்கும் முன் நடுக்கம்பியையும் பின்னலையும் ஒரு கணம் தொடவைத்து நிலைமின்னூட்டத்தை இறக்கிவிடுங்கள்; இல்லையென்றால் கருவியின் உள்ளீட்டுச் சுற்று போய்விடும்.

இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. துல்லியம் கூடட்டும் என்று ஸ்பேனை (அளக்கும் அதிர்வெண்களின் வீச்சை) 900 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்து விடுகிறார்கள். கோஆக்ஸின் வேகக் காரணி 0.66, அதற்குள் அலை விநாடிக்கு 19.8 கோடி மீட்டர் போகும். கருவி 101 புள்ளிகளில் அளந்தால் 100 இடைவெளி. வேகத்தை 100-ஆல் பெருக்கி ஸ்பேனின் இருமடங்கால் வகுத்தால் கருவி பார்க்கக்கூடிய தூரம் கிடைக்கும். 900 மெகாஹெர்ட்ஸுக்கு அது வெறும் 11 மீட்டர். அதற்கு மேல் உள்ள பிரதிபலிப்பெல்லாம் மடிந்து வந்து தப்பான இடத்தில் உட்காரும். 250 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் 39.6 மீட்டர் தெரியும். புள்ளிக்குப் புள்ளி 40 சென்டிமீட்டர். 32 மீட்டர் கேபிளுக்கு இது சரியான அளவு.

காலையில் எடுத்த வரைபடத்தில் 32 மீட்டரில் பெரிய முகடு, 18 மீட்டரில் சின்ன மேடு. சின்ன மேட்டை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. பிஎல்-259 வகை கனெக்டர் இணைப்புகளின் மின்மறுப்பு 50 ஓமாகச் சீராக இருப்பதில்லை; நல்ல பேரல்கூட ஒரு மேட்டைக் காட்டத்தான் செய்யும். ஆகவே அதை வளர வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் மாடியில் ஹேர் டிரையரோடு, இன்னொருவர் கீழே கருவியோடு, பேச்சு 2 மீட்டர் பேண்ட் கைச்செட்டில் (வாக்கி-டாக்கி).

"சூடு காட்டுறேன் சார். என்ன தெரியுது?"

"ஒண்ணும் இல்ல. அப்படியே வைங்க... ஏறுது, ஏறுது. இப்ப கேபிளை லேசா கீழ இழுங்க."

"இழுத்துட்டேன்."

"போயிடுச்சு. 32-ல இருந்த முகடே காணோம், எல்லாம் 18-ல வந்து நிக்குது. கையை எடுத்துடாதீங்க!"

இரண்டு நிமிடச் சூடும் ஒரு சிறு இழுப்பும் போதுமாக இருந்தன. அன்றிலிருந்து பிற்பகலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மேலே ஆள் இருக்கும்போது அனலைசர் மட்டும்தான் இணைப்பில் இருக்க வேண்டும், ரிக்கின் கேபிள் கழற்றியே கிடக்க வேண்டும். டைபோலின் முனைகளில் 100 வாட்டுக்கே சுடும் அளவுக்கு மின்னழுத்தம் உண்டு.

நானோவிஎன்ஏ இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. தொலைமுனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் குறுக்கிணைத்து, கீழிருந்து பெஞ்ச் சப்ளையில் 1 ஆம்பியர் அனுப்பி, கேபிள் முனையிலேயே மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். சப்ளையின் மின்னழுத்த வரம்பு 2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதுவே ஆக்ஸைடு படலத்தை உடைத்துக் கோளாறை மறைத்துவிடும். ஆர்ஜி-213-இல் நடுக்கம்பியும் பின்னலும் சேர்ந்து மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிஓம். 32 மீட்டருக்கு 0.3 ஓம், அதாவது 300 மில்லிவோல்ட். மல்டிமீட்டரின் ஓம் வரம்பில் இதை அளக்க முயல்வது வீண். அதன் வயர்களே 0.2 ஓம் தின்றுவிடும். இங்கே அசையாமல் இருக்கும்போது 310 மில்லிவோல்ட். பேரலைச் சூடாக்கி இழுத்தபோது 2 வோல்ட் வரம்பில் போய் முட்டியது. சுற்று அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

டேப்புக்குள் இருந்தது

பேரலின் மேல் பிவிசி டேப் மட்டும் சுற்றியிருந்தது. பிரித்தபோது பசை உருகி ஒழுகியிருந்தது. கீழ்ப்பக்க பிஎல்-259-இன் உடலில் சால்டர் வைப்பதற்கான நான்கு துளைகள், நான்கும் காலி. பின்னலை ஜாக்கெட்டின் மேல் பின்னோக்கி மடித்து, அதன் மேல் உடலைத் திருகி ஏற்றியிருந்தார்கள். நடுமுனையில் மட்டும் சால்டர் இருந்தது.

வெயிலுக்கும் கோளாறுக்கும் உள்ள உறவு இங்கே தெளிவாகிறது. ஆர்ஜி-213 மீட்டருக்குச் சுமார் 150 கிராம். சுவரோடு தொங்கும் 12 மீட்டரின் எடை, ஏறத்தாழ 1.8 கிலோ, முழுக்க இந்த இணைப்பின் மேல். இடையில் ஒரு கிளாம்ப்கூட இல்லை. காலையில் கெட்டியாக இருக்கும் பிவிசி ஜாக்கெட், வெயிலில் காய்ந்த கறுப்புக் கேபிளில் இளகும். திருகுமரைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் பின்னல் பிடி தளர்ந்து மில்லிமீட்டர் கணக்கில் கீழே வழுகும். இரவில் குளிர்ந்ததும் மறுபடி கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் செம்பின் மேல் இன்னும் கொஞ்சம் ஆக்ஸைடு. கடற்காற்று உள்ள ஊரில் இது வேகமாகவே நடக்கும்.

மழைக்கு யார் பதில் சொல்வது?

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். துளைகளில் சால்டர் வைத்தாயிற்று, பிற்பகல் துள்ளல் நின்றுவிட்டது. ஆனால் புகாரின் கடைசி வரி, மழையில் அளவு நன்றாகிறது என்பது, இன்னும் விளக்கப்படவில்லை. பின்னல் தொடர்பு தளர்ந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாதி புகாரை விளக்கும் விடை எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் பாதி விடைதான்.

குறிப்பேட்டின்படி, மழைக்குப் பின் 7.100-இல் 1.4 என்பது 1.3 ஆகிறது, 7.200-இல் 1.9 என்பது 1.7 ஆகிறது. நனைந்த ஆன்டெனாவின் ஒத்ததிர்வு கொஞ்சம் கீழே நகர்வது இயல்பு. அப்படி நகர்ந்திருந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். கோட்டின் பள்ளம் இடம் மாறி, ஒரு கரை தாழும்போது மறு கரை உயர்ந்திருக்கும். இங்கே பள்ளம் அதே இடத்தில் இருக்க, இரு கரைகளும் சேர்ந்து தாழ்ந்திருந்தன. அது இழப்பின் கையெழுத்து. ஆன்டெனாவிலிருந்து திரும்பும் பவர் வழியிலேயே கரைந்துவிட்டால், கீழே இருக்கும் மீட்டர் 'எல்லாம் நலம்' என்றுதான் சொல்லும். ஒருவழி இழப்பு 3 டெசிபெல் உள்ள கேபிளின் தொலைமுனையில் ஆன்டெனாவே இல்லாமல் திறந்து கிடந்தாலும் கீழே 3:1 தான் காட்டும். 3:1-ஐப் பார்த்து 'ட்யூனர் பார்த்துக்கொள்ளும்' என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் எடுத்த கருவி மெகர், உயர் மின்னழுத்தத்தில் மின்காப்பை அளப்பது. தடுப்பானையும் பாலனையும் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் பார்த்தார்கள். கேஸ் டியூப்பைக் கழற்றாமல் பார்த்தால் அது மின்சாரத்தைக் கடத்தி அளவைக் கெடுத்துவிடும். இரண்டு துண்டுகளும் 500 மெகாஓமுக்கு மேல். ஈரமே இல்லை என்று இதை எடுத்துக்கொள்வது தப்பு. ஆர்ஜி-213-க்குள் இருப்பது திடமான பாலிஎத்திலீன். பின்னலில் தண்ணீர் ஊறிக் கிடந்தாலும் அது நடுக்கம்பியை எட்டாது. கனெக்டர் முனைவரை தண்ணீர் வந்தால்தான் மெகர் கண்டுபிடிக்கும்.

பின்னலின் நோயைக் காட்டுவது உயர் அதிர்வெண் இழப்புச் சோதனை. பேரலைக் கழற்றி ஒவ்வொரு துண்டையும் தனியாக எடுத்து, தொலைமுனையைக் குறுக்கிணைத்து, ரிட்டர்ன் லாஸை (போய்த் திரும்பும் அலை எத்தனை டெசிபெல் குறைந்திருக்கிறது என்பதை) அளந்து பாதியாக்கினால் ஒருவழி இழப்பு வந்துவிடும். எச்எஃப்-இல் மட்டும் பார்த்தால் வித்தியாசம் அளவுப் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். 145 மெகாஹெர்ட்ஸிலும் பார்க்க வேண்டும். அந்த அதிர்வெண்ணில் ஆர்ஜி-213-இன் இழப்பு 100 மீட்டருக்கு ஏறக்குறைய 8.5 டெசிபெல். 18 மீட்டர் துண்டுக்கு 1.5 வர வேண்டும், 1.6 வந்தது. 14 மீட்டர் துண்டுக்கு 1.2 வர வேண்டும். வந்தது 4.5.

காரணம் பைப்பிலேயே இருந்தது. பாலனுக்கு ஒரு மீட்டர் கீழே கேபிளை ஜிஐ கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். காற்றில் ஆடி ஆடி அந்தக் கம்பி ஜாக்கெட்டை அறுத்திருந்தது. விரல்நகம் நீளத்துக்கு ஒரு கீறல். அதன் வழியே நுழைந்த மழைநீரை, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல் பின்னல் இழுக்க, அது பைப்போடு இறங்கித் தரையில் கிடக்கும் பகுதிவரை வந்திருந்தது. கைப்பிடிச் சுவர் ஏற்றம் என்பதால் அதைத் தாண்டவில்லை. கீழ்த்துண்டு தப்பியது அதனால்தான்.

40 மீட்டர் பேண்டில் இதன் விலை எவ்வளவு? நல்ல நிலையில் மொத்த இழப்பு 0.5 டெசிபெல், 100 வாட்டில் 89 மேலே போய்ச் சேரும். ஈரத்தோடு 1.1 டெசிபெல், 78 வாட். 11 வாட் குறைந்தது எதிர்முனையில் யாருக்கும் காதில் விழாது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னல் கறுக்கத் தொடங்கிய கேபிள் நின்ற இடத்தில் நிற்காது. அதை வைத்துக்கொண்டு அடுத்த கோளாறைத் தேடுவதும் இரட்டைத் தலைவலி.

மாற்றியதும் மாற்றிய விதமும்

இடையில் இணைப்பே இல்லாத ஒரே நீளமாக 33 மீட்டர் ஆர்ஜி-213. மும்பையின் மின்னணுக் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், ஜாக்கெட்டில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். முனையை ஒரு அங்குலம் உரித்துப் பார்க்கக் கேளுங்கள். பின்னலுக்கு ஊடே வெள்ளைப் பாலிஎத்திலீன் கண்ணுக்குத் தெரிந்தால் வேண்டாம். நடுவில் 0.75 மில்லிமீட்டர் செம்பு இழைகள் ஏழு இருக்க வேண்டும். காந்தத்தை வைத்தால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு.

பிஎல்-259 போடும்போது முதலில் இணைப்பு வளையத்தைக் கேபிளில் கோத்துவிடுங்கள். சால்டர் எல்லாம் முடிந்த பிறகு வளையம் மேசையில் கிடப்பதைப் பார்க்காத ஹாம் அபூர்வம். ஜாக்கெட்டை 28.5 மில்லிமீட்டர் உரித்து, முனையிலிருந்து 16 மில்லிமீட்டருக்கு நடுக்கம்பியை வெளியே கொண்டுவாருங்கள். மீதியில் பின்னல் 11 மில்லிமீட்டர் நிற்கட்டும். இன்சுலேஷன் ஒன்றரை மில்லிமீட்டர் பின்னலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. பின்னலுக்கு முதலிலேயே மெல்லிய ஈயப் பூச்சு. பிறகு உடலைத் திருகி ஏற்றி, நான்கு துளைகளிலும் பின்னல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு சால்டர். 25 வாட் அயர்ன் இதற்கு ஆகாது. 80 முதல் 100 வாட், தடித்த முனை. சின்ன அயர்னை வைத்து நிமிடக்கணக்கில் காய்ச்சினால் ஈயம் ஓடுவதற்குள் உள்ளே பாலிஎத்திலீன் உருகி நடுக்கம்பி ஓரத்துக்கு நகர்ந்துவிடும். உடல் நிக்கல் பூச்சாக இருந்தால் ஈயம் எளிதில் ஒட்டாது. துளை ஓரத்தை அரத்தால் தேய்த்துக்கொள்ளுங்கள், அல்லது வெள்ளிப் பூச்சும் டெஃப்லான் இன்சுலேஷனும் உள்ளதையே வாங்கிவிடுங்கள்.

நீர்க்காப்புக்கு முதலில் ஒரு சுற்று பிவிசி டேப், பின்னாளில் பிரிக்க வசதியாக. அதன் மேல் செல்ஃப்-அமால்கமேட்டிங் டேப் (தன்னோடு தானே ஒட்டி ஒன்றாகிவிடும் ரப்பர் டேப்), நீளம் இருமடங்காகும்படி இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி கீழிருந்து மேலாக. மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் மழைநீருக்கு வாசல். கடைசியில் வெயிலுக்குத் தடுப்பாக இன்னொரு பிவிசி சுற்று. வினிகர் வாடை அடிக்கும் சிலிகானைப் பக்கத்திலேயே விட வேண்டாம். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். எம்-சீல் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் அடுத்த முறை கனெக்டரை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கைப்பிடிச் சுவர் விளிம்பில் கேபிள் நேராக மடியாமல் இருக்க 10 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆரமுள்ள பிவிசி பெண்ட். சுவரோடு தனியாக ஒரு நைலான் கயிறு, 60 சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்பு கேபிள் டை. எடையைக் கயிறு தாங்கும், கனெக்டர் தாங்காது. பாலனுக்குக் கீழேயும் ஜன்னலுக்கு வெளியேயும் கேபிளைத் தாழ்வாக ஒரு வளைவு விட்டார்கள்; வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். கட்டுக்கம்பி இருந்த இடமெல்லாம் ரப்பர் துண்டு வைத்த கிளாம்ப்.

பிறகு பழைய சோதனைகள் அனைத்தும் அதே வரிசையில். 1 ஆம்பியரில் 315 மில்லிவோல்ட். இரு முனைகளையும் சூடாக்கி அசைத்தபோதும் அசையவில்லை. டிடிஆரில் தொலைமுனையைத் தவிர மேடு எதுவும் இல்லை. 145 மெகாஹெர்ட்ஸில் 2.8 டெசிபெல். மூன்று அளவுகளையும் விஎன்ஏ கோப்போடு தேதியிட்டுச் சேமித்தாயிற்று. மே மாத இறுதியில், மழைக்கு முன், ஒப்பிட்டுப் பார்க்க. முதல் பெருமழைக்குப் பின் 7.200-இல் எஸ்.டபிள்யூ.ஆர். 1.9. மழைக்கு முன்னும் அதே 1.9.

பழைய 14 மீட்டரைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி வந்தது. கீறலுக்குக் கீழே மீட்டருக்கு ஒரு இடத்தில் ஜாக்கெட்டைத் திறந்து பார்த்ததில் ஒன்பது மீட்டர்வரை பின்னல் கறுத்திருந்தது. தண்ணீர் உலரும், ஆக்ஸைடு போகாது. அதைப் பழைய செம்பு விலைக்குப் போட்டுவிட்டு, 18 மீட்டர் துண்டுக்கு மட்டும் முனைகளில் அரை மீட்டர் வெட்டிப் புது கனெக்டர் போட்டு, சோதனைக் கேபிளாக அறைக்குள் வைத்துக்கொண்டார்கள்.